குளிர் மட்டும்தான் காரணமா?
ஸ்வீடன் ராணி டெசிரே குளிருக்குப் பயந்துதான் பாரிஸுக்கு ஓடிப்போனார் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. 1811-இல் கிளம்பியதற்கு வேண்டுமானால் அது சரி. ஆனால் 1818-இல் கணவர் அரசரான பிறகும் ஐந்து வருஷம் ஏன் வரவில்லை? அந்தக் காலத்தில் அவர் பிரெஞ்சுப் பிரதமராக இருந்த ரிஷ்லியூ பிரபு மேல் மயங்கி, அவர் போகும் ஊருக்கெல்லாம் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். 1822-இல் ரிஷ்லியூ இறந்தார், மறுவருஷமே டெசிரே ஸ்டாக்ஹோம் வந்துவிட்டார். அப்புறம் 1860-இல் சாகும்வரை 37 வருஷம் அதே குளிரில்தான் இருந்தார். ஸ்வீடிஷ் மொழி மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், நெப்போலியனை மறக்க முடியாத சோகம்தான் காரணம் என்று எழுதியிருக்கிறார். டெசிரேயை நிச்சயம் பண்ணிய நெப்போலியன் அவரைக் கைவிட்டு ஜோசஃபினைக் கட்டிக்கொண்டது உண்மைதான். ஆனால் 1823-இல் டெசிரே கூடவே அழைத்து வந்த மருமகள் யார் தெரியுமா? அந்த ஜோசஃபினின் பேத்தி, பெயரும் ஜோசஃபின்! சோகமே உருவானவர் செய்கிற காரியமா இது? எனக்குப் பிடித்தது வயதான டெசிரேதான். பகலெல்லாம் தூங்கி, ராத்திரியில் கோச்சு வண்டியில் ஊர் சுற்றுவார். நாடகம் முடிந்த பிறகுதான் அரங்குக்கு வந்து சேருவார். கடைசி நாளன்றும் அப்படித்தான்.