பிள்ளைகளை ப்ரோக்கன் ஹில்லுக்குக் கூட்டிப் போங்கள்

பள்ளி விடுமுறை விட்டால் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நம்மவர்கள் பலர் கோல்ட் கோஸ்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். தீம் பார்க்கைக் குறை சொல்லவில்லை. ஆனால் நம் பிள்ளைகள் வளரும் நாடு யார் உழைப்பில் எழுந்தது என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு ஒருமுறையாவது காரை வடக்கே திருப்புங்கள். சுரங்க நகரமான ப்ரோக்கன் ஹில் சுமார் 500 கிலோமீட்டர்.

வழியில் பர்ரா. 1845-ல் செம்புச் சுரங்கம் தொடங்கிய ஊர். பணம் கட்டினால் கையில் ஒரு சாவி தருகிறார்கள். பழைய சிறை, பீர் ஆலையின் நிலவறை எல்லாவற்றையும் நாமே திறந்து பார்த்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வரலாம். சாவி கிடைத்ததும் எங்கள் மகள்தான் எல்லோருக்கும் வழிகாட்டி! ஓடைக்கரை மண்ணைக் குடைந்து தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த பொந்துகளில் இரண்டு இன்னும் இருக்கின்றன. 1851-ல் ஏறக்குறைய 1,800 பேர் அப்படிக் குடியிருந்தார்கள். பங்குதாரர்களுக்கு லாபம் கொட்டிய காலம் அது. அந்த மண் சுவரைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு வேறு பாடம் எதற்கு?

அப்புறம் பீட்டர்பரோ. மூன்று வெவ்வேறு அகலத் தண்டவாளங்கள் சந்தித்த ஊர். ரயில் பைத்தியம் வீட்டில் இருந்தால் அங்குள்ள ரயில் அருங்காட்சியகமான ஸ்டீம்டவுனுக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

ப்ரோக்கன் ஹில்லில் எல்லோரும் சுரங்க நினைவகத்துக்குப் போவார்கள். போக வேண்டிய இடம்தான். வேலையில் இறந்த 800-க்கும் மேற்பட்டவர்களின் பெயரும், எப்படி இறந்தார்கள் என்பதும் அங்கே இருக்கிறது. ஆனால் தகரத்தால் கட்டிய அந்தச் சின்னப் பள்ளிவாசலைத் தவறவிடாதீர்கள். சிவப்பு வண்ணம், முன்னால் கைகால் கழுவ ஒரு தொட்டி, அவ்வளவுதான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒட்டகக்காரர்கள் தங்கள் முகாமில் எழுப்பியது.

இந்த ஒட்டகக்காரர்களை ஆப்கானியர் என்று பொதுவாகச் சொன்னாலும், அவர்களில் பலர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். லாரி வருவதற்கு முன் கம்பளி, உணவு, தந்திக் கம்பிக்கான சாமான் எல்லாம் உள்நாட்டுக்குப் போனது அவர்களின் ஒட்டகங்கள் முதுகில்தான். அப்படி உழைத்தவர்களில் பலருக்கு ஆஸ்திரேலியாவின் 1903-ன் சட்டம் குடியுரிமை மறுத்தது, ஆசியப் பூர்வீகத்தவர் என்ற காரணத்துக்காக. இன்று குடியுரிமை விழாவில் கொடி பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் நாம் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா?

எனக்கு ஒரு குறை உண்டு. பர்ரா இங்காஜுரி என்ற பூர்வகுடி மக்களின் மண், ப்ரோக்கன் ஹில் வில்யகாலி என்ற பூர்வகுடி மக்களின் மண். நாங்கள் பார்த்த காட்சிப் பலகைகளில் அவர்களுக்குக் கிடைத்த இடம் மிகக் கொஞ்சம். அதைப் பார்வையாளர் புத்தகத்தில் எழுதிவிட்டு வந்தோம். நீங்களும் எழுதுங்கள், பலர் கேட்டால்தான் மாறும்.

பள்ளிவாசலை உள்ளூர் வரலாற்றுச் சங்கத் தன்னார்வலர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். திறந்திருப்பது கொஞ்ச நேரம்தான், நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள். இருட்டிய பிறகு அந்தச் சாலையில் ஓட்டாதீர்கள், கங்காரு குறுக்கே பாயும்.