பொம்மையாம்!

அந்த வீடியோவை இதுவரை பதினேழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மருந்தடிக்கும் ட்ரோனைக் கஸ்டம்ஸ் பிடித்து வைத்துவிட்டது என்று நம்ம ஊர்ப் பையன் கிட்டங்கி (சரக்குக் கிடங்கு) வாசலில் நின்று "வெறும் பார்ட்ஸ் அண்ணாச்சி, இதப்போய்ப் பிடிச்சு வச்சிருக்கானுவ" என்று கண் கலங்குகிறாரே, அதேதான். அனுப்பியவர்களில் பாதிப் பேர் கீழே "உங்க ஆளுங்க புத்தி" என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன், "ஒரு பொம்மைக்கு இவ்வளவு பந்தாவா மக்கா?" என்று கேட்டிருக்கிறான்.

சரி, பேசுவோம். நான் கஸ்டம்ஸ் அதிகாரி இல்லை. இருபத்திரண்டு வருடமாகத் தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜென்ட் ஒருவரிடம் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது வந்த சரக்குக்குக் கஸ்டம்ஸில் கொடுக்கும் இறக்குமதிப் பத்திரம், போடுகிறவன். அதிகாரியிடமும் திட்டு வாங்குவேன், சரக்கு வரவழைத்த பார்ட்டியிடமும் திட்டு வாங்குவேன். இப்போது முகநூலிலும்.

வீடியோவை நாற்பதாவது விநாடியில் நிறுத்திப் பாருங்கள். மூன்று பெட்டி. ஒன்றில் பிரேமும் கைகளும், இன்னொன்றில் மோட்டாரும் இறக்கைகளும், மூன்றாவதில் கன்ட்ரோலர், பேட்டரி, மருந்துத் தொட்டி. எதுவும் குறையவில்லை. மூன்றும் ஒரே பில்லில் வந்திருக்கிறது. பிரித்துப் போட்டு வந்தாலும் சேர்த்தால் முழுப் பொருளாகிறது என்றால் அது முழுப் பொருள்தான். சுங்க வகைப்பாட்டின் பொதுவிதி 2(அ) இதைத்தான் சொல்கிறது, அதுவும் இன்று நேற்றல்ல. கட்டிலை நாலு காலும் பலகையுமாகப் பிரித்துக் கொண்டுவந்து "விறகு" என்று எழுதினால் விட்டுவிடுவார்களா? 'பாகம்' என்று 8807-இல் (சுங்கப் பட்டியலில் விமானம், ட்ரோன் பாகங்களுக்கான தலைப்பு) எழுதினால் எளிதாக வெளியே வரும் என்று யாரோ அந்தத் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொன்னவரை வீடியோவில் காணோம்.

ஏன் அப்படிச் சொன்னார்? 2022 பிப்ரவரி 9-ஆம் தேதி வந்த வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் அறிவிக்கைப்படி, வெளிநாட்டு ட்ரோனை முழுதாகவோ, பாதி பிரித்தோ, முழுக்கப் பிரித்தோ கொண்டுவரத் தடை. பாகங்களுக்குத் தடை இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இத்தனை கண்ணீரும்.

பொம்மை என்றவனுக்கு வருகிறேன். விளையாட்டுக்கென்றே செய்த பறக்கும் பொம்மை, பொம்மைகளுக்கான தலைப்பான 9503-இல் இருக்கிறது, யாரும் அதை எடுத்துவிடவில்லை. முன்பெல்லாம் பெரிய குழப்பம் இருந்தது உண்மை. கேமரா இருந்தால் கேமராத் தலைப்பான 8525-இல் போடு என்பார் ஒருவர், பறக்கிறது, விமானத் தலைப்பான 8802-இல் போடு என்பார் இன்னொருவர். அந்தச் சண்டையில் என் தலைமுடி பாதி போனது. 2022 ஜனவரி 1 முதல் ஆளில்லா விமானத்துக்கென்றே 8806 என்று தனித் தலைப்பு வந்துவிட்டது. உலகம் முழுக்க அதே நம்பர். அதற்குள் எடைதான் எல்லாம்: 250 கிராம், 7 கிலோ, 25 கிலோ, 150 கிலோ, அதற்கு மேல்.

எந்த எடை என்பதில்தான் எல்லோரும் விழுகிறார்கள். அந்தத் தம்பியின் பேக்கிங் லிஸ்டில் 24 கிலோ. அது காலி எடை. 8806 கேட்பது அதிகபட்சப் புறப்பாட்டு எடை. சுமையும் கருவியும் எரிபொருளும் சேர்த்து, தரையை விட்டுக் கிளம்பும்போது என்ன எடையோ அது. 20 லிட்டர் தொட்டியில் மருந்து நிரப்பிப் பேட்டரியும் மாட்டினால் 24 எங்கே நிற்கும்? அது 25-ஐத் தாண்டி 150-க்குள் வருகிற பெரிய யந்திரம். ரிமோட்டில் மட்டுமே பறப்பது ஒரு வரிசை, மற்றவை வேறு வரிசை. "மேப் போட்டுக் கொடுத்தா அதுவே பறந்து அடிச்சிட்டு வந்துரும்" என்று அவரே வீடியோவில் பெருமையாகச் சொல்கிறார். அப்போது 8806.94. நான் கண்டுபிடித்த நம்பர் இல்லை ஐயா.

(8802-இல் பெரிய விமானங்களுக்குக் காலி எடைதான் கணக்கு. பக்கத்துத் தலைப்பில் இப்படி, இதில் அப்படி. படிக்காமல் போட்டால் மாட்டுவீர்கள்.)

என் அப்பா மார்த்தாண்டம் சந்தையில் ஏத்தன் வாழைக்குலை வியாபாரம் செய்தார். குலையைத் தண்டோடு நிறுப்பதா, தண்டுக்குக் கழிப்பதா என்று தினமும் விடியற்காலையில் சண்டை நடக்கும். ஒருநாள் ஒரு வியாபாரி அப்பாவைக் கள்ளன் என்றே சொல்லிவிட்டார். அப்பா பதில் பேசாமல் தண்டை வெட்டி, தனியாக நிறுத்து, அவர் கையில் கொடுத்தார். அந்த வியாபாரி மறுநாளும் அதையேதான் சொன்னார், அது வேறு விஷயம். எந்த எடை என்று முதலில் கேளுங்கள் என்று நான் தொண்டை கிழியச் சொல்வது அப்பாவிடமிருந்து வந்த பழக்கமாக இருக்கலாம்.

"உனக்குக் கமிஷன், அதான் கூவுறே" என்பார்கள். இந்தக் கேஸ் எங்கள் ஆபீஸுக்கு வந்ததே இல்லை. வந்திருந்தால் முதல் நாளே "இதைக் கொண்டுவராதே தம்பி" என்று சொல்லியிருப்பேன், அதற்குக் காசும் வாங்கியிருக்க மாட்டேன். என் வீட்டுக்கு இன்னும் கடன் கட்டுகிறேன். தக்கலையில் நான் வாங்கிய அஞ்சு சென்ட் நிலத்தைப் பற்றிக் கமென்டில் எழுதிய புண்ணியவானே, அது என் மனைவியின் நகை.

"நாளாக ஆகக் கிட்டங்கி வாடகை ஏறுதே?" ஏறுகிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

"உள்ளூர்ப் பிள்ளைகள் செய்யவே கூடாதா?" செய்யட்டும். மோட்டாரை வாங்கட்டும், கன்ட்ரோலரை வாங்கட்டும், பிரேமை இங்கேயே அடிக்கட்டும். ஆராய்ச்சிக்கென்று அனுமதி கேட்டு முழு யந்திரத்தையே கொண்டுவரவும் அதே அறிவிக்கையில் வழி இருக்கிறது. செய்து வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்றால் அங்கே ஸ்கோமெட் பட்டியல் (ராணுவத்துக்கும் பயன்படக்கூடிய பொருட்களுக்கான ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல்) நிற்கும். 25 கிலோமீட்டருக்குள் பறந்து 25 கிலோவுக்குள் சுமக்கிற ட்ரோன்களுக்கு 2023 ஜூனில் பொது அனுமதி முறை கொண்டுவந்து அதையும் கொஞ்சம் எளிதாக்கினார்கள். அதற்கு மேல் என்றால் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பெரியது என்றால் பெரிய கேள்வி வரத்தான் செய்யும்.

இதோடு முடித்திருக்கலாம். இன்னொன்று நெஞ்சில் நிற்கிறது.

அம்மாவுக்குச் சொந்த ஊர் சின்னத்துறை, குமரி மாவட்டத்து மீனவக் கிராமம். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். மாமா மகன் போன போட் திரும்பவில்லை. டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். "இன்னும் தள்ளிப் போய்த் தேடுங்கள்" என்பது மட்டும்தான் கேட்டது. எங்கள் பக்கத்துத் தூத்தூர் மீனவன் எவ்வளவு தூரம் போய்த் தூண்டில் போடுகிறான் என்று தேடப் போனவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் போகவில்லை.

2024 அக்டோபரில் அமெரிக்காவிடமிருந்து 31 எம்க்யூ-9பி ராணுவ ட்ரோன்கள் வாங்கக் கையெழுத்தானது. 15 கடற்படைக்கு. ஒன்றின் புறப்பாட்டு எடை 5,670 கிலோ, ஒருநாளுக்கு மேலும் இறங்காமல் கடல் மேலே சுற்றும். எங்கள் சுங்கப் புத்தகத்தில் அதற்குத் தனிக் கட்டம்கூடக் கிடையாது. 150-ஐத் தாண்டினால் 151 கிலோவும் 5,670 கிலோவும் ஒரே கூடை. பாதுகாப்புக்கு வருவதற்கு அந்தத் தடையில் விலக்கு உண்டு. வரட்டும், எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. அடுத்த புயலில் அதில் ஒன்று தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்கே எவ்வளவு தூரம் போகும் என்று யாராவது ஒரு வீடியோ போட்டுக் கேட்டீர்களா? அதை எனக்குப் பதினேழு பேர் அனுப்பியிருக்கிறீர்களா?

எங்கேயோ போய்விட்டேன். அந்தத் தம்பிக்கு: பேக்கிங் லிஸ்ட், கம்பெனி கேட்டலாக், அதில் புறப்பாட்டு எடை போட்டிருக்கும் பக்கம், மூன்றையும் இன்பாக்ஸில் அனுப்புங்கள், பார்க்கிறேன். ராத்திரி ஒன்பதுக்கு மேல் மட்டும் கூப்பிட வேண்டாம். அந்த நேரத்தில் போன் அடித்தால் அம்மா இன்னும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள்.