வாடகைக்கு இருப்பவன் சாமானுக்கு இன்சூரன்ஸ் கேட்டால் இத்தனை பாடா?

கட்டடத்தின் மதிப்பு எவ்வளவு? எத்தனை சதுர அடி? எந்த வருஷம் கட்டியது?

அது என் கட்டடம் இல்லை சாமி. நான் வாடகைக்குக் குடியிருக்கிறேன். உள்ளே இருக்கும் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பீரோ, பிள்ளை படிக்கும் லேப்டாப் இவற்றுக்குத்தான் எனக்கு இன்சூரன்ஸ் வேண்டும். இதை எத்தனை பேரிடம்தான் சொல்வது? இன்சூரன்ஸ் கம்பெனி வெப்சைட்டில் 'வாடகைதாரர்' என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். சந்தோஷமாக அதை அழுத்தினால் அடுத்த பக்கத்தில் மறுபடியும் கட்டடத்தின் விலையைக் கேட்கிறார்கள். காலியாக விட்டால் சிவப்பு எழுத்தில் திட்டு. பூஜ்யம் போட்டால் 'சரியான தொகையை நிரப்பவும்'. அப்படியென்றால் அந்தப் பட்டனை எதற்கு வைத்தீர்கள்?

இதில் விலை தெரிந்துகொள்ளும் முன்பே போன் நம்பரை வாங்கிவிடுகிறார்கள். அன்று சாயங்காலத்திலிருந்து போன் ஓயாது. ஹெல்த் பாலிசி எடுக்கிறீர்களா, டேர்ம் இன்சூரன்ஸ் எடுக்கிறீர்களா, கார் இருக்கிறதா, பழைய பாலிசி எப்போது முடிகிறது என்று விதவிதமாகக் கேட்கிறார்கள். நான் கேட்டது வீட்டுச் சாமானுக்கு. அதைப் பற்றிப் பேச மட்டும் ஆள் கிடையாது. ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், சொந்த வீடு வாங்கினதும் சொல்லுங்க சார், நல்ல ஆஃபர் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் பேசுகிறார். சொந்த வீடு இல்லாதவனிடம் காப்பாற்ற என்ன இருக்கப் போகிறது என்று எழுதிக் கொடுத்தவர்கள் மேல்தான் கோபம்.

இத்தனைக்கும் நான் இல்லாத ஒன்றைக் கேட்கவில்லை. 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று ஒரு பாலிசி இருக்கிறது. தீ காப்பீடு விற்கும் ஜெனரல் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் எல்லாம் இதைக் கட்டாயம் தர வேண்டும் என்று காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ உத்தரவு போட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், தண்ணீர்த் தொட்டி அல்லது பைப் வெடித்து வரும் சேதம் எல்லாம் அதற்குள் அடக்கம். கட்டடத்துக்கு மட்டும் எடுக்கலாம், சாமானுக்கு மட்டும் எடுக்கலாம், இரண்டுக்கும் சேர்த்தும் எடுக்கலாம். சாமானுக்கு மட்டும் எடுக்கலாம் என்ற அந்த வரி எங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதியது. பொருளின் மதிப்பைக் குறைத்துச் சொல்லிவிட்டீர்கள் என்று கிளெய்மை, அதாவது நாம் கேட்கும் இழப்பீட்டை, அதே விகிதத்தில் வெட்டக் கூடாது என்றுகூட அதில் இருக்கிறது. உண்மையிலேயே நன்றாக யோசித்து எழுதிய பாலிசி. ஆனால் அதை வாங்கும் வழியைத்தான் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

கட்டடத்துக்கும் சாமானுக்கும் சேர்த்து எடுக்கும் வீட்டுக்காரருக்கு, கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, சாமானுக்குத் தானாகவே கவர் வந்துவிடும். தனியாகப் பட்டியல் போட வேண்டியதில்லை. வாடகைக்காரனுக்குக் கட்டடமே இல்லையே, எதில் 20 சதவீதம் பார்ப்பது? அவன் தன் சாமானுக்குத் தானே தொகை சொல்ல வேண்டும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சொல்வதற்கு ஒரு பெட்டி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சரி, எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி ஒரு கொட்டேஷன் வாங்கினேன். வந்ததைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. ஐந்து வருஷத்துக்குப் போட்டிருந்தார்கள். அதோடு நகை கவர், விபத்து கவர், எனக்குப் புரியாத இன்னும் இரண்டு மூன்று. எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துக்கு மேல். நான் போட்டிருப்பது 11 மாத ஒப்பந்தம். ஹவுஸ் ஓனர் மகனுக்குக் கல்யாணம் ஆனால் அடுத்த வருஷம் நான் காலி செய்ய வேண்டும். எனக்கு எதற்கு ஐந்து வருஷ பாலிசி? இந்த பாலிசியை ஒரு வருஷத்துக்கும் எடுக்கலாம், பத்து வருஷம் வரைக்கும் எடுக்கலாம். அந்த ஒரு வருஷத்தை மட்டும் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. தேவையில்லாததை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, வெறும் சாமானுக்கு, ஒரே ஒரு வருஷத்துக்கு என்று அடம்பிடித்துக் கேட்டபோது தொகை ஆயிரத்துக்குள் வந்து நின்றது. ஏழாயிரம் எங்கே, ஆயிரம் எங்கே? வாடகைக்காரனுக்கு இன்சூரன்ஸ் கட்டுப்படியாகாது என்று சொல்கிறார்களே, கட்டுப்படியாகாமல் ஆக்குவது யார்?

அதன் பிறகு முகவரியைச் சொன்னேன். வேளச்சேரி, கிரவுண்ட் ஃப்ளோர். "செக் பண்ணிட்டுக் கூப்பிடுறேன் சார்" என்றார் கொட்டேஷன் போட்டுக் கொடுத்த கம்பெனித் தம்பி. இன்றுவரை கூப்பிடவில்லை.

வேளச்சேரி என்றால் ஏன் பயப்படுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? 2015 டிசம்பர் முதல் வாரம் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியபோதும் இங்கேதான் தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் இங்கேதான் நின்றது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுருக்கிச் சுருக்கிக் கட்டடமாக்கிய ஊரில் தண்ணீர் வேறு எங்கே போகும்? மிக்ஜாம் இரவில் முதலில் பாத்ரூம் குழி வழியாகத்தான் தண்ணீர் உள்ளே ஏறியது. வாசலில் மணல் மூட்டை வைத்து என்ன பிரயோஜனம்? விடிவதற்குள் முட்டிக்கு மேல். ஃப்ரிட்ஜ் மல்லாந்து மிதந்தது. பீரோவின் கீழ்த் தட்டில் இருந்த பட்டுப் புடவை எல்லாம் சாக்கடைத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. பிளைவுட் கட்டில் நாலு நாளில் அப்பளம் மாதிரி உப்பிப் பிரிந்துவிட்டது. வாஷிங் மெஷினைத் தூக்கிப் பார்த்தபோது உள்ளே இருந்து கறுப்புத் தண்ணீர் கொட்டியது. பத்து வருஷமாக இஎம்ஐ கட்டிக் கட்டிச் சேர்த்த சாமான் அத்தனையும் குப்பை லாரியில் போனது.

அன்றைக்கு மாடியில் இருந்த ஹவுஸ் ஓனர் அம்மா ஆறுதலாக ஒன்று சொன்னார்கள்: "கவலைப்படாதீங்க தம்பி, லோன் போட்டப்பவே பேங்க்ல வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்துட்டாங்க." நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்த இன்சூரன்ஸ் அவர்கள் கட்டடத்துக்கு. சுவர் விரிசல் விட்டால் அவர்களுக்குப் பணம் வரும். சுவருக்கு உள்ளே குடியிருப்பவனின் சாமானுக்கு அதிலிருந்து ஒரு பைசா வராது. அபார்ட்மென்ட் சங்கம் எடுத்து வைத்திருக்கும் பாலிசியும் அப்படித்தான். இது தெரியாமல் 'ஓனர் எடுத்திருக்கிறார், போதும்' என்று நிம்மதியாக இருக்கும் குடும்பங்களை என் தெருவிலேயே காட்டுவேன்.

அரசு நிவாரணம் வந்தது, மறுக்கவில்லை. மிக்ஜாமுக்கு ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய். அந்த நேரத்தில் அது பெரிய உதவி. ஆனால் வாடகைக்கு இருப்பவர்களில் எத்தனையோ பேருக்கு கார்டு சொந்த ஊரில் இருக்கும். அவர்கள் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். 6,000 ரூபாயில் ஒரு ஃப்ரிட்ஜ் பாதிகூட வாங்க முடியாது. அதனால்தானே சொந்தக் காசில் இன்சூரன்ஸ் எடுக்கிறேன் என்று கிளம்புகிறேன்? நிவாரணத்தை நம்பாமல் தன் பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொள் என்று எல்லோரும் புத்தி சொல்கிறீர்கள். பார்த்துக்கொள்ளத்தான் வந்து நிற்கிறேன், கதவைத் திறங்கள்.

தெரிந்த ஏஜென்ட் அண்ணன் ஒருவர் இருக்கிறார், வண்டி இன்சூரன்ஸ் எல்லாம் அவர்தான் போடுவார். அவர் மட்டும்தான் உண்மையைச் சொன்னார். "இதுல பிரீமியமே சில நூறு ரூபா. அதுல எனக்கு என்ன நிக்கும் சொல்லுங்க? உங்க வீட்டுக்கு ரெண்டு தடவை வந்து போனா பெட்ரோலுக்குக் காணாது. நாளைக்கு கிளெய்ம் வந்தா சேதத்தை மதிப்பு போட வர்ற சர்வேயர் பின்னாடி அலையறதும் நான்தான்." ஷீட் போட்ட வீடு, போர்ஷன் வீடு என்றால் கேட்கவே வேண்டாம் என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். பொருள் மலிவாக இருப்பதாலேயே அதை விற்க ஆள் இல்லை. விற்க ஆள் இல்லாததால் வாங்க ஆள் இல்லை. வாங்க ஆள் இல்லை என்று சொல்லி கம்பெனி அந்த வெப்சைட் படிவத்தைத் திருத்துவதே இல்லை. இந்தச் சுழலில் நசுங்குவது கிரவுண்ட் ஃப்ளோரில் குடியிருப்பவன்.

காருக்கு மட்டும் எப்படி முடிகிறது? பாலிசி முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே குறுஞ்செய்தி, போன், தள்ளுபடி எல்லாம் வருகிறது. மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நிற்பதை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். காரையாவது பாலத்தில் ஏற்றலாம். பீரோவை எங்கே கொண்டுபோய் ஏற்றுவது?

இதில் வரி வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஜிஎஸ்டி இல்லை என்று எடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் வீட்டுச் சாமானுக்கு எடுக்கும் பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. வெள்ளத்தில் எல்லாம் போய் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்று ஒருவன் எடுக்கும் பாலிசி ஆடம்பரமா? தொகை சின்னதுதான், நூறு ரூபாயோ நூற்றைம்பதோ. ஆனால் இதைப் பற்றி யாருமே பேசவில்லை என்பதுதான் வலிக்கிறது.

திருட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அடிப்படை பாலிசியில் 'திருட்டு' என்ற வார்த்தையைப் பார்த்ததும் பூட்டை உடைத்துத் திருடினால் பணம் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. வெள்ளமோ தீயோ நடந்து, அதை ஒட்டி 7 நாளுக்குள் திருடு போனால்தான் அதில் வரும். சாதாரண நாளில் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருக்கும்போது நடக்கும் திருட்டுக்குத் தனியாக பர்க்லரி கவர் சேர்க்க வேண்டும். இதை விற்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டாமா? நான் கேட்ட பிறகுதான் "ஆமா சார், அது தனி" என்றார்கள். நகையும் அப்படித்தான், பொதுச் சாமான் கணக்கில் வராது.

அப்புறம் முகவரி. பாலிசியில் எழுதியிருக்கும் வீட்டில் இருக்கும் சாமானுக்குத்தான் கவர். வீடு மாறினால் கம்பெனிக்குச் சொல்லி எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் முகவரியை மாற்றியதற்கான திருத்தம், வாங்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை டெம்போ வண்டியில் சாமானை ஏற்றுகிற எங்களுக்கு இது எவ்வளவு முக்கியமான விவரம்! இது எந்த விளம்பரத்திலும் இல்லை. வாடகை ஒப்பந்தத்தை வேறு கேட்கிறார்கள். 2017-ஆம் வருஷ தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு என்று வாயெடுத்தாலே பாதி ஓனர்கள் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். ஸ்டாம்ப் பேப்பரில் ஒரு கையெழுத்து, அதோடு சரி. அந்தப் பேப்பர் செல்லுமா செல்லாதா என்பதைக்கூட காசு வாங்கும் முன்பு தெளிவாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஆவணம் இல்லை என்று கிளெய்மைத் தள்ளக் கூடாது, தேவையானதை பாலிசி கொடுக்கும்போதே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று 2024 ஜூனில் ஐஆர்டிஏஐ சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. அதைத்தான் கேட்கிறேன். இப்போதே கேளுங்கள், என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள், தருகிறேன்.

இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரே விஷயம்: பாலிசி பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 'பாரத் கிருஹ ரக்ஷா, சாமானுக்கு மட்டும், நான் வாடகைதாரர், ஒரு வருஷம்.' இதை மெயிலில் எழுதிக் கேளுங்கள். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும். முடிந்தால் நேராகக் கிளை அலுவலகத்துக்கே போய் நில்லுங்கள். எனக்கு அங்கேதான், கவுன்டரில் இருந்த ஒரு வயதான அம்மா மூலமாக, முதல் முறையாக ஒழுங்கான பதில் கிடைத்தது. "எடுக்கலாம்ப்பா, ஏன் எடுக்கக் கூடாது? சிஸ்டத்துல எப்படிப் போடறதுன்னுதான் இங்க யாருக்கும் தெரியல" என்றார். மேலதிகாரிக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை.

ஐந்து வருஷத்துக்கு மேலாக ஐஆர்டிஏஐ உத்தரவு இருக்கிறது, சிஸ்டத்தில் போடத் தெரியவில்லையாம். வீட்டு முகவரி, எந்த மாடி, சாமானின் மொத்த மதிப்பு, எத்தனை மாதம், திருட்டு கவர் வேண்டுமா வேண்டாமா. இந்த ஐந்து கேள்விக்கு மேல் வாடகைக்காரனிடம் கேட்க என்ன இருக்கிறது? அதை ஒரு பக்கத்தில் போடுங்கள். வெள்ளம் வரும் ஏரியா என்று பிரீமியம் கொஞ்சம் கூட்ட வேண்டுமானால் கூட்டுங்கள், எவ்வளவு என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள், கட்டலாமா வேண்டாமா என்று நான் முடிவு செய்கிறேன். 'செக் பண்ணிட்டுக் கூப்பிடுறேன்' என்று சொல்லிவிட்டு ஓடாதீர்கள். அக்டோபரில் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள் அந்தப் பட்டனை அழுத்தினால் கட்டடத்தின் விலை கேட்காத ஒரு பக்கம் வர வேண்டும்.