ஹாய் போட்டுவிட்டுக் காத்திருக்கும் அன்பர்களுக்கு

டேட்டிங் ஆப்பில் இருக்கும் நண்பர்கள் அவ்வப்போது போனை என் கையில் திணித்துக் கேட்பது ஒரே விஷயம்தான். "இத்தனை பேர் நடுவுல நான் மட்டும் தனியாத் தெரியணும். என்ன எழுதலாம், சொல்லு." எழுத்து வேலை பார்ப்பவள் என்பதால் வந்த வினை. என் பதில் பெரும்பாலும் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. தனியாகத் தெரிய மெனக்கெடாதீர்கள். நூறு பேரில் தொண்ணூறு பேர் உங்களைத் தாண்டிப் போகட்டும். மிச்சமிருக்கும் சிலர் நின்று ஏதாவது எழுதலாம் என்று நினைக்கும்போது, பேச்சைத் தொடங்க அவர்களுக்கு ஒரு பிடி கிடைக்கிறதா? புரொஃபைலில் பார்க்க வேண்டியது இது ஒன்றைத்தான். முதல் மெசேஜுக்கும் இதே கணக்குதான்.

நிலவரம் எவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 2016இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் வேறு சில ஆய்வாளர்களும் சேர்ந்து டிண்டர் என்ற டேட்டிங் ஆப்பில் போலிக் கணக்குகளைத் திறந்துவைத்து, யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கவனித்தார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்திருக்கிறது என்று சொன்னால் அதுதான் மேட்ச். அப்படி மேட்ச் ஆன பெண்களில் 21 சதவீதம் பேர் மெசேஜ் அனுப்பினார்கள். ஆண்களில் 7 சதவீதம் பேர்தான். அந்த மெசேஜ்களின் நீளம்தான் பெரிய கூத்து. நீள வரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால், பெண்கள் எழுதியது 122 எழுத்துகள், ஆண்கள் எழுதியது 12. பன்னிரண்டு எழுத்துக்குள் என்ன அடங்கும்? ஒரு ஹலோ, ஒரு பெயர், இடமிருந்தால் ஒரு ஸ்மைலி.

ஆண்களைத் திட்டிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. ஆண்களுக்கு மேட்ச் கிடைப்பது அரிது. அதனால் கண்ணில் பட்ட எல்லோரையும் பிடித்திருக்கிறது என்று வலப்பக்கம் தள்ளுகிறார்கள், அதாவது ஸ்வைப் பண்ணுகிறார்கள். பெண்களுக்கோ தள்ளினால் மேட்ச் ஆகிவிடுகிறது. அதனால் அவர்கள் இன்னும் கறாராகப் பொறுக்குகிறார்கள், ஆண்களுக்கு மேட்ச் இன்னும் குறைகிறது, ஆண்கள் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுகிறார்கள். படிக்காமலே தள்ளியவனுக்கு, மேட்ச் ஆனபிறகு எழுத என்ன இருக்கும்? எதிரில் இருப்பது யாரென்றே தெரியாதே. ஹாய்தான் இருக்கும். முதல் மெசேஜ் சொதப்புவது ஸ்வைப் பண்ணும்போதே தொடங்கிவிடுகிறது.

பம்பிள் என்ற இன்னொரு ஆப் 2014இல் வந்தபோது இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தது. ஆண்-பெண் மேட்ச் என்றால் பெண்தான் முதலில் எழுத வேண்டும், அதுவும் 24 மணி நேரத்துக்குள். நடந்தது என்ன? கெடு முடியப்போகிறதே என்று பெண்களும் ஒரு ஹாயைத் தட்டிவிட்டுப் போனார்கள். 2024இல் அந்த நிறுவனமே இறங்கிவந்து, பெண் முன்கூட்டியே ஒரு கேள்வியை வைத்துவிடலாம், மேட்ச் ஆகிறவர் அதற்குப் பதில் சொல்லித் தொடங்கட்டும் என்று ஏற்பாடு செய்தது. ஆக, யார் முதலில் எழுதுவது என்பதில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. எழுத ஏதாவது இருக்க வேண்டும்.

சரி, புரொஃபைலுக்கு வருவோம். போன மாதம் ஒரு நண்பன் காட்டிய பயோ இது: "சிம்பிள் பெர்சன். பயணம், இசை, சினிமா பிடிக்கும். நேர்மை ரொம்ப முக்கியம். டிராமா வேண்டாம்."

இதில் பொய் எதுவும் இல்லை. அவனுடையது என்று சொல்லவும் எதுவும் இல்லை. பயணம் பிடிக்காது, நேர்மை வேண்டாம் என்று எவராவது எழுதிப் பார்த்திருக்கிறோமா? அந்த "டிராமா வேண்டாம்" இருக்கிறதே, அது பழைய சண்டையின் பாக்கி. வாசலிலேயே நின்று புகார் சொல்வதுபோல் இருக்கிறது, எடுத்துவிடு என்றேன். அப்புறம் கேட்டேன்: பயணம் போனால் முதலில் என்ன செய்வாய்? கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "எந்த ஊருக்குப் போனாலும் பழைய புத்தகக் கடையத் தேடிப் போவேன். முன்னாடி வச்சிருந்தவங்க ஓரத்துல ஏதாவது எழுதி வச்சிருந்தா அந்தப் புத்தகத்தத்தான் வாங்குவேன். கதையவிட அந்தக் கிறுக்கல்தான் எனக்குப் பிடிக்கும்."

இதை அப்படியே எழுதுடா என்றால், "இதெல்லாம் யாருக்குப் பிடிக்கும்?" என்கிறான். எல்லோருக்கும் பிடிக்காதுதான். ஆனால் பிடித்த ஒருத்திக்குக் கேட்க உடனே ஒரு கேள்வி கிடைத்துவிடும்: நீங்க பாத்ததுலயே விசித்திரமான கிறுக்கல் எது? "பயணம், இசை, சினிமா" என்ற வரிக்கு அவள் என்ன கேட்பாள்? எனக்கும் பிடிக்கும் என்பாள். அத்தோடு தீர்ந்தது கதை.

ஹிஞ்ச் போன்ற ஆப்களில் தயாராகச் சில கேள்விகளைக் கொடுத்து, அவற்றுக்கு நாம் எழுதும் பதிலில் ஒன்றையோ ஒரு போட்டோவையோ குறிப்பிட்டு லைக் போடும்படி வைத்திருப்பதும் இந்தப் பிடிக்காகத்தான். அங்கேயும் நம் ஆட்கள் விடுவதில்லை. "என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள" என்று கேட்டால் "பேசிப் பாருங்க" என்று பதில் எழுதி வைக்கிறார்கள். எதைப் பற்றி சாமி பேசுவது?

போட்டோதானே எல்லாம், எழுத்தை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஓகேகியூபிட் என்ற டேட்டிங் தளத்தை நடத்தும் நிறுவனமே 2014இல் இதை ஒப்புக்கொண்டது. சில புரொஃபைல்களில் எழுத்தை மறைத்துவிட்டு மதிப்பெண் போடச் சொன்னபோது, எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிட்டத்தட்ட அதே மதிப்பெண்தான் விழுந்தது. அந்த மதிப்பில் எழுத்தின் பங்கு பத்து சதவீதம்கூட இல்லை. ஆனால் அதே நிறுவனம் 2013 ஜனவரியில் ஒருநாள் சில மணி நேரம் எல்லாருடைய போட்டோவையும் மறைத்துப் பார்த்தது. அந்த நேரத்தில் முதல் மெசேஜ்களுக்குப் பதில் வந்தது வழக்கத்தைவிட 44 சதவீதம் அதிகம். போட்டோ திரும்பி வந்ததும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பேச்சுகள் பல அப்படியே நின்றுபோயின என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: ஆளை நிறுத்துவது போட்டோ, நின்றவரைப் பேசவைப்பது எழுத்து. இரண்டையும் குழப்பிக்கொண்டு, போட்டோ சரியில்லாததற்கு பயோவை மாற்றி மாற்றி எழுதுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. முகம் தெரிகிற போட்டோ ஒன்று, ஏதாவது செய்துகொண்டிருக்கும் போட்டோ ஒன்று. குரூப் போட்டோவை முதலில் வைத்து, இதில் நான் யார் கண்டுபிடி என்று விளையாட்டுக் காட்ட வேண்டாம்.

உயரம், வயது விஷயத்தில் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் எல்லோரும் செய்வதுதான். 2008இல் வெளியான ஓர் ஆய்வில் 80 பேரை நேரில் வரவழைத்து அளந்து பார்த்தார்கள். உயரம், எடை, வயது இந்த மூன்றில் ஒன்றையாவது மாற்றிப் போட்டவர்கள் பத்தில் எட்டுப் பேர். பெரும்பாலும் நேரில் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத அளவு சின்ன மாற்றம். இருந்தாலும் எதற்கு? நேரில் சந்திக்கத்தானே இவ்வளவு பாடு?

இனி அந்த முதல் மெசேஜ். ஒரு பெண் இப்படி எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்: "முப்பது வயசுல நீச்சல் கத்துக்க ஆரம்பிச்சிருக்கேன். ஆழம்னா இன்னும் பயம்."

இதற்கு வரக்கூடிய மெசேஜ்கள்: "ஹாய்." அடுத்தது, "செம அழகு." அதற்கடுத்து நீச்சல் உடையில் போட்டோ கேட்கும் ஜென்மம் ஒன்று, அதை விட்டுவிடுவோம். நான்காவதாக ஒருவர்: "நானும் நல்லா நீந்துவேன், ஸ்கூல்ல மெடல் வாங்கியிருக்கேன்." ஐந்தாவது: "கால் தரையத் தேடி, தரை இல்லன்னு தெரியற அந்த ஒரு நொடி இருக்கே, அதைத் தாண்டியாச்சா?"

முதல் மூன்றைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நான்காவதுதான் வில்லங்கம். எழுதியவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை, புரொஃபைலைப் படித்தும் இருக்கிறார். ஆனால் அவள் பயத்தைப் பற்றி எழுதியிருக்கிறாள், இவர் மெடலைக் காட்டுகிறார். அவள் என்ன சொல்ல முடியும்? "ஓ, சூப்பர்." நல்ல பையன்கள் பலர் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். ஐந்தாவது ஆள் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவனும் ஆழத்தைப் பார்த்துப் பயந்தவன் என்பது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் அவளிடம் சொல்ல ஒரு கதை இருக்கிறது.

அந்த இரண்டாவது மெசேஜையும் சும்மா விட மனசில்லை. ஓகேகியூபிட் 2009இல் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான முதல் மெசேஜ்களை அலசியது. அழகை, உடம்பைப் புகழும் சொற்கள் இருந்தால் பதில் வருவது குறைந்தது. "நீங்க குறிப்பிட்டிருந்த" என்கிற மாதிரி, படித்ததற்கு அடையாளமாக வரும் சொற்கள் இருந்தால் கூடியது. பதினைந்து வருஷத்துக்கு மேலாகப் பொதுவெளியில் கிடக்கும் தகவல் இது. இன்னும் "செம அழகு" வந்துகொண்டுதான் இருக்கிறது.

பக்கம் பக்கமாக எழுதினால் வேலைக்கு ஆகுமா என்றால், அதுவும் இல்லை. 2018இல் அமெரிக்காவின் நான்கு பெருநகரங்களின் டேட்டிங் தகவல்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. மக்கள் தங்களைவிடச் சுமார் 25 சதவீதம் கூடுதலாக விரும்பப்படுகிற ஆட்களைத் தேடித்தான் எழுதுகிறார்கள். அப்படி எழுதும்போது மெசேஜும் நீண்டுகொண்டே போகிறது. அந்த நீளத்துக்குப் பெரிதாகப் பலன் கிடைக்கவில்லை, சியாட்டில் நகரம் தவிர. இரண்டு மூன்று வரி போதும். ஒரு கவனிப்பு, ஒரு கேள்வி. அந்த இரண்டு வரியை எழுத ஐந்து நிமிஷம் படிக்க வேண்டியிருக்கும், அதுதான் கஷ்டம்.

இப்போது செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் நொடியில் பத்து மெசேஜ் எழுதித் தருகிறது. எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லுங்கள், தப்பில்லை. மெசேஜையே எழுதச் சொன்னால் எல்லாருடையதும் ஒரே வழவழப்பில் வந்து நிற்கிறது. பெறுகிறவர்களும் மோப்பம் பிடிக்கப் பழகிவிட்டார்கள். அதைவிடப் பெரிய தொல்லை பின்னால் இருக்கிறது. பத்து நாள் சாட்டில் அவ்வளவு சாதுரியமாகப் பேசியவர், நேரில் எதிரே உட்கார்ந்து "அப்புறம்?" என்று கேட்டால் என்ன செய்வது?

பதில் வரவில்லை என்றால்? நான்கைந்து நாள் கழித்துப் புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால் இன்னொரு முறை எழுதலாம். "ஏன் ரிப்ளை பண்ணல?", "பிஸியா?", வெறும் கேள்விக்குறி, இதெல்லாம் கடன் வசூல். அதற்கு மேல் எழுதாதீர்கள். பதில் வராததற்கு உங்களோடு சம்பந்தமே இல்லாத ஆயிரம் காரணம் இருக்கும். ஆப்பையே திறக்காமல் இருக்கலாம், வேறு யாருடனாவது பேச்சு ஓடிக்கொண்டிருக்கலாம்.

கடைசியாக, மெசேஜ் வாங்குகிறவர்களிடம் ஒரு சண்டை பாக்கியிருக்கிறது. எல்லோரும் ஹாய் மட்டும் அனுப்புகிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறோம். புரொஃபைலை ஒழுங்காகப் படித்து ஒருவர் நல்ல கேள்வியாகக் கேட்டால் "ஹாஹா, ஆமா" என்று முடித்துவிடுகிறோம். அந்த ஆள் அடுத்த கேள்வியையும் அவரே யோசிக்க வேண்டும், அதற்கடுத்ததையும். மூன்றாவது "ஹாஹா"வில் அவர் ஓய்ந்துபோவார், அடுத்த மேட்சுக்கு ஹாய்தான் அனுப்புவார். பிடித்திருந்தால் திருப்பி ஒரு கேள்வி கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால், நமக்கு ஒத்துவராதுபோல என்று ஒரு வரி எழுதிவிட்டு மேட்சை எடுத்துவிடுங்கள். எதிரில் இருப்பவர் மிரட்டினால், கெட்ட வார்த்தை பேசினால், இந்த மரியாதையும் தேவையில்லை, நேராக பிளாக்.