காலி ஹாலில் காட்டிய துல்லியம் யாருக்கு வேண்டும்?

நாகர்கோவிலில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் சிரிஞ்ச் பம்ப், வீல்சேர், ஈசிஜி மெஷின் எல்லாவற்றிலும், எது எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டுவதற்காக, ஒரு கம்பெனிக்காரர்கள் புளூடூத் டேக் ஒட்டிவிட்டுப் போனார்கள். "ஒரு மீட்டர் துல்லியம் சார்" என்றார்கள். திரையில் பம்ப் இரண்டாம் மாடி வார்டில் நிற்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் அதற்கு நேர் கீழே முதல் மாடியில் கிடக்கும். ராத்திரி குளச்சலில் இருந்து நெஞ்சுவலியோடு ஒரு பெரியவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். "மக்களே, மிஷின் இன்னும் வரலியா?" என்று அவர் மனைவி கேட்கிறார். நான் படியேறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். வயிறு எரியாதா?

கேட்டால், "உங்க கட்டிடம் அப்படி சார், சுவர் தடிமன்" என்கிறார்கள். சுவர் நேற்றா முளைத்தது? எக்ஸ்ரே அறையில் ஈயத் தகடு அடித்திருப்பதும், லிஃப்ட் முழுக்க இரும்பு என்பதும் வேலை எடுக்கும்போது தெரியவில்லையா? டெமோவை மட்டும் ஒரு நாற்காலிகூட இல்லாத ஹாலில் காட்டினீர்களே!

இவர்கள் கணக்கு முழுக்க டேக் அனுப்பும் சிக்னலின் பலத்தை நம்பித்தான். பலம் குறைந்தால் டேக் தூரத்தில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறது. நடுவில் ஆள் நின்றாலே பலம் குறையும். உடம்பில் இருக்கும் தண்ணீர் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சிவிடும். இரும்புக் கட்டிலும் பீரோவும் அலையைத் திருப்பி அடிக்கும். பார்வையாளர் நேரத்தில் பம்ப் அசையவே அசையாது, திரையில் புள்ளி மட்டும் அறைக்கு அறை தாவும். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2000-இலேயே, கட்டிடத்துக்குள் இருப்பிடம் கண்டுபிடிக்கும் 'ராடார்' என்ற முறையில், குறுக்கே வரும் சுவர்களால் எவ்வளவு பலம் குறையும் என்பதைக் கணக்கில் சேர்த்தார்கள். இத்தனை வருஷம் கழித்தும் சுவரைச் சாக்கு சொல்கிறீர்கள்.

இப்போது யூடபிள்யூபி (அல்ட்ரா வைட்பேண்ட்) என்ற வேறு வகை ரேடியோ டேக் வாங்கச் சொல்கிறார்கள். அது அலை வந்து சேரும் நேரத்தை அளக்கும். சரி, நல்ல முறைதான். ஆனால் 10 நானோநொடி தாமதம் என்றால் 3 மீட்டர் பிசகு. தடை தாண்டியும் சுற்றியும் வரும் அலை தாமதமாகத்தான் வரும், அதனால் தூரம் கூடுதலாகவே தெரியும். பிழை எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்திருக்கிறதே! முதலில் வரும் அலை பலவீனமாகவும் பின்னால் வரும் எதிரொலி பலமாகவும் இருந்தால், அந்த அளவைச் சந்தேகப்படு, அதற்கு மதிப்பைக் குறை. கட்டிட வரைபடத்தை மென்பொருளுக்குக் கொடு, பம்ப் சுவரைத் துளைத்துப் போகாது. இதையெல்லாம் செய்யாமல் புது டேக் ஒட்டி என்ன பயன்?

மாடிக்கு மாடி, அறைக்கு அறை டேக்கின் சிக்னலைப் பிடிக்கும் ரிசீவர் வையுங்கள். சாயங்காலம் வார்டு நிறைந்திருக்கும்போது அளந்து, எத்தனை மீட்டர் பிசகு வருகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதுவரை மீதிப் பணத்தைக் கொடுக்கக் கூடாது என்று நிர்வாகத்திடம் சொல்லிவிட்டேன்.