மிலிட்டரி வீட்டு டிவி

ராமலிங்கம்: என்ன மிலிட்டரி, டிவியில் சத்தமே வரவில்லை?

மிலிட்டரி: ஊமைப்படம் சார். சாப்ளினுடைய 'ஷோல்டர் ஆர்ம்ஸ்'. 1918 அக்டோபரில் வந்தது, முதல் உலகப்போர் முடிய மூன்றே வாரம் இருக்கும்போது.

ராமலிங்கம்: ரிமோட்டைக் கொடுங்கள், நான் கூட்டுகிறேன்.

மிலிட்டரி: வசனமே கிடையாது சார். உட்காருங்கள்.

ராமலிங்கம்: என்ன இது, காரட் துருவுகிற தகட்டைச் சுவரில் மாட்டி முதுகைத் தேய்க்கிறான்?

மிலிட்டரி: பதுங்கு குழியில் பேன் கடி. முன்னேற்பாடாகக் கொண்டுவந்திருக்கிறான்.

ராமலிங்கம்: இதெல்லாம் தப்பு. நாட்டுக்கு உயிரைக் கொடுப்பவனைக் கோமாளி ஆக்குவதா? என் ரத்தம் கொதிக்கிறது. ஜவான் முதுகு சொறியவே மாட்டான்!

மிலிட்டரி: ஆமாம். நான் 17 வருஷம் சொறியாமல்தான் இருந்தேன்.

ராமலிங்கம்: பாருங்கள், அடுத்தவன் கடிதத்தைத் தோள் வழியாக எட்டிப் படிக்கிறான். ஒழுக்கம் வேண்டாமா?

மிலிட்டரி: எல்லோருக்கும் தபால் வந்தது. இவனுக்கு வரவில்லை.

ராமலிங்கம்: இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

மிலிட்டரி: நான் சிரிக்கவில்லையே.

ராமலிங்கம்: ஐயோ, படுக்கை தண்ணீரில் முழுகிவிட்டது! கிராமபோன் குழலை வைத்து மூச்சு விடுகிறான்! நடக்கிற காரியமா?

மிலிட்டரி: குழல்தான் கொஞ்சம் ஓவர். தண்ணீர் நிஜம். அந்தத் தண்ணீரில் நின்று ஊர் திரும்பியவர்களே இந்தப் படத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்குக் கொதிக்காத ரத்தம் உங்களுக்குக் கொதிக்கிறது.

ராமலிங்கம்: இருங்கள், ஒற்றை ஆளாக 13 ஜெர்மன்காரர்களைப் பிடித்துவிட்டானா! எப்படி?

மிலிட்டரி: சுற்றி வளைத்துவிட்டேன் என்கிறான்.

ராமலிங்கம்: இதுதான் வீரம்! இப்படிப் படம் எடுக்க வேண்டும்!

மிலிட்டரி: அது கிண்டல் சார்.

ராமலிங்கம்: மரம் ஓடுகிறது, மரம் ஓடுகிறது!

மிலிட்டரி: அவன்தான் அது. மர வேஷத்தில் உளவு பார்க்கப் போனான். அப்புறம், அடுத்த மாதம் ஆள் எடுக்கிறார்களாம். உங்கள் பையனை அனுப்புங்களேன்.

ராமலிங்கம்: அவனுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. இன்ஜினீயரிங் சீட்டுக்குப் பணமும் கட்டியாயிற்று.

மிலிட்டரி: ரத்தம் ஆறிவிட்டதா?

ராமலிங்கம்: சரி, வந்த விஷயத்தையே மறந்துவிட்டேன். இந்த மாதக் கேன்டீன் கோட்டாவில் ஒரு ரம்…

மிலிட்டரி: அதானே பார்த்தேன். இந்த இடத்தை மறுபடி போடுகிறேன், பாருங்கள். பாட்டிலைக் குழிக்கு மேலே நீட்டுகிறான். எதிரி சுடுகிறான். மூடியோடு கழுத்து பறக்கிறது. இவன் குடிக்கிறான். நீங்களும் இப்படித் திறப்பதாக இருந்தால் இப்போதே எடுத்துத் தருகிறேன்.

ராமலிங்கம்: …அந்த ரிமோட்டைக் கொடுங்கள். சத்தம் வருகிறதா, பார்ப்போம்.