சிபிஆரைப் பள்ளிக்கூடத்தில் கட்டாயம் சொல்லித் தர வேண்டும்

பொது இடத்தில் ஒருவர் திடீரென்று சரிந்து விழுந்தால் நம் ஊரில் என்ன நடக்கும்? கூட்டம் கூடும். "தள்ளுங்க, காத்து வரட்டும்" என்று ஒருவர் சத்தம் போடுவார். இன்னொருவர் முகத்தில் தண்ணீர் தெளிப்பார், யாரோ சோடா வாங்க ஓடுவார்கள், இரண்டு பேர் உள்ளங்காலைத் தேய்ப்பார்கள். விவரம் தெரிந்தவர் ஒருவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பார். அத்தனை பேரும் நல்ல மனசோடுதான் ஓடி வருகிறார்கள். ஆனால் இதயம் நின்றுபோனவருக்கு அந்த நிமிஷத்தில் தேவைப்படுவது நெஞ்சை அழுத்தும் இரண்டு கைகள். அப்படி நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவியைத்தான் சிபிஆர் என்கிறார்கள். அதைச் செய்யத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் அநேகமாக இருக்க மாட்டார்.

என் பெரியப்பா அப்படித்தான் போனார். கல்யாண மண்டபத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வாய் திறந்து, விட்டு விட்டு இழுத்துக்கொண்டிருந்தது. "மூச்சு இருக்கு, பயப்படாதீங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். காருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அந்த இழுப்பு மூச்சே இல்லை என்று பிறகு ஒரு டாக்டர் விளக்கினார். இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் மூளைத்தண்டின் உந்துதலால் அப்படி வாய் பிளந்து இழுக்குமாம். கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் உடனே அழுத்தத் தொடங்க வேண்டும். நாடியைத் தேடிக்கொண்டிருக்கவே கூடாது. பயிற்சி இல்லாதவர்கள் பதற்றத்தில் இருக்கிற நாடியை இல்லை என்பார்கள், இல்லாததை இருக்கிறது என்பார்கள். அதனால்தான் பொதுமக்களுக்கான வழிமுறைகளிலிருந்து நாடி பார்ப்பதையே எடுத்துவிட்டார்கள்.

இன்னொரு குழப்பமும் தீர வேண்டும். ஹார்ட் அட்டாக் வேறு, கார்டியாக் அரெஸ்ட் வேறு. ஹார்ட் அட்டாக் என்றால் இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், வியர்த்துக் கொட்டும், வலி சொல்லுவார். பேசிக்கொண்டிருப்பவரின் நெஞ்சை அழுத்தக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் விரைய வேண்டும். கார்டியாக் அரெஸ்டில் இதயம் ரத்தத்தைத் தள்ளுவதே நின்றுவிடுகிறது. பல நேரம் இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி, துடிக்க வேண்டிய இதயம் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும். மூளைக்கு ரத்தம் போகாததால் சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். முதலாவது இரண்டாவதில் கொண்டுபோய் விடலாம் என்பதால்தான் நாம் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறோம்.

எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. 108 எவ்வளவு வேகமாக வந்தாலும் இந்தக் கணக்கை வெல்ல முடியாது. பக்கத்தில் நிற்பவர்தான் வெல்ல முடியும்.

செய்முறை கஷ்டமே இல்லை. 108-க்குச் சொல்லிவிட்டு, ஆளைக் கட்டாந்தரையில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன் மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்த வேண்டும். 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுசாக மேலெழ விட வேண்டும். கை ஓய்ந்தால் இன்னொருவர் மாற்றிக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் திடீரென்று விழுந்தால் வாயோடு வாய் வைத்து ஊதாமல் வெறும் அழுத்தம் மட்டும் கொடுத்தாலும் போதும். 2017-ல் இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் பொதுமக்களுக்கு வகுத்துத் தந்த முறையும் இதுதான். தண்ணீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் மூச்சும் சேர்த்துத் தர வேண்டும். இதையெல்லாம் படித்தால் மட்டும் போதாது, பொம்மையில் அழுத்திப் பார்த்தால்தான் எவ்வளவு பலம் வேண்டும் என்று கைக்குப் புரியும். அதனால்தான் பள்ளிக்கூடம் என்கிறேன்.

டென்மார்க் இதைச் செய்து காட்டிவிட்டது. 2005-ல் பள்ளிகளில் கட்டாயமாக்கினார்கள், அடுத்த வருஷமே ஓட்டுநர் உரிமம் வாங்குவதற்கும் கட்டாயமாக்கினார்கள். 2001-ல் அங்கே இதயம் நின்று விழுந்தவர்களில் சுமார் 21 சதவீதம் பேருக்குத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் சிபிஆர் செய்தார்கள். 2010-ல் அது ஏறக்குறைய 45 சதவீதம். ஒரு மாதத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமாக உயர்ந்தார்கள். சிகிச்சை முன்னேற்றமும் இதில் சேர்ந்திருக்கும், சரி. ஆனால் சிகிச்சைக்கு ஆள் உயிரோடு போய்ச் சேர வேண்டுமே. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று விழுந்ததை உலகமே பார்த்தது. அங்கேயே நெஞ்சை அழுத்தி, கருவியால் இதயத்துக்கு மின்சார ஷாக் கொடுத்து மீட்டார்கள். அடுத்த வருஷம் அவர் மறுபடியும் கால்பந்து ஆடினார்.

விலா எலும்பு உடைந்துவிடுமே என்று பயப்படுகிறார்கள். உடையலாம். உடைந்த எலும்பு கூடிவிடும். போலீஸ், கேஸ் என்று அலைய விடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. சாலை விபத்தில் உதவுபவர்களுக்கு 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. வீட்டிலோ மண்டபத்திலோ விழுந்தவருக்கு உதவுபவருக்கும் அதே பாதுகாப்பைச் சட்டம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது பெண்களின் நிலை. பொது இடத்தில் விழும் பெண்களுக்கு ஆண்களை விடக் குறைவாகவே சிபிஆர் கிடைக்கிறது என்று வெளிநாட்டு ஆய்வுகளே சொல்கின்றன. தொடத் தயங்குகிறார்கள். நம் ஊரில் அந்தத் தயக்கம் எவ்வளவு இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். பயிற்சிக்கு வைக்கும் பொம்மைகளும் பெரும்பாலும் ஆண் உடம்புதான். வகுப்பில் பெண் உருவப் பொம்மையும் இருக்க வேண்டும். பையன்களும் பெண்களும் ஒன்றாக நின்று பழக வேண்டும், உயிர் போகும் நேரத்தில் நெஞ்சில் கை வைப்பது வைத்தியம் என்று அந்த வயதிலேயே பதிய வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை, விளையாட்டு பீரியடில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் உங்கள் பிள்ளையின் தலைமை ஆசிரியரிடம் இதைக் கேளுங்கள். நான் எங்கள் பள்ளியில் எழுத்து மூலமாகவே கேட்கப் போகிறேன்.